ஆணியில் மாட்டிய சட்டை

உட்காருங்கள் வித்வானே. ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். நாற்காலியில் உட்காருங்கள். வலது கையை மடியில் வைத்து இடது கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அப்படித்தான். சட்டை அந்த ஆணியிலேயே இருக்கட்டும். படம் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் போட்டுக் கழற்றினால் வலி உங்களுக்குத்தான்.

கரன்ட் வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் உடனே வராது. நடுவில் கரன்ட் போனால் அது கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இருபது நிமிடம். பயப்படாதீர்கள், படம் எங்கும் போகவில்லை. முதுகை ஒட்டி நிற்கச் சொன்னேனே, அந்தத் தட்டைப் பெட்டிக்குள் உங்கள் எலும்பு இருக்கிறது. உடைந்திருந்தால் உடைந்தபடி, முழுசாக இருந்தால் முழுசாக. கம்ப்யூட்டர் எழுந்ததும் பெட்டியை உள்ளே தள்ளினால் ஒன்றரை நிமிடத்தில் திரையில் தெரிந்துவிடும்.

நாளைக் காலையில் முகூர்த்தம் என்றீர்கள். ஏழரை மணிக்கா? தவில் வாரை மாட்டுவது இந்தத் தோளில்தானா? ம். சரி. என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன். எடுப்பது என் வேலை, சொல்வது டாக்டரின் வேலை. இருபத்தாறு வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். இங்கே நான் பார்த்தது ஒன்றுகூட என் வாய் வழியாக வெளியே போனதில்லை.

அப்படிப்பட்ட என்மேல்தான் பழி வந்தது. சொல்கிறேன், உங்களுக்கும் பொழுது போகும்.

வெளியே நிற்கிறாரே உங்கள் நாயனக்காரர், அவர் இந்த ஊர்தானே? நினைத்தேன். பட்டன் வைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள் என்று அவர்தானே உங்களுக்குச் சொன்னார்? பார்த்தீர்களா. இந்த ஊர் ஜனங்களுக்கு அந்த விவரம் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பனியன் மாதிரி தலைவழியாக மாட்டுகிற சட்டையோடு வந்து நிற்பார்கள். அதைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் அப்படி இல்லை. தோளில் அடி என்றால், வீட்டிலேயே சட்டையை மாற்றி, பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். விவரமான ஊர்.

இந்த எலும்புக்குப் புத்தகத்தில் காறை எலும்பு என்று பெயர். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும். விரலால் தொட்டாலே தெரியும். இன்று நீங்கள் தொட வேண்டாம். உடம்பில் எத்தனையோ எலும்பு இருந்தும் எனக்குப் பிடித்தது இதுதான். விழுகிறவன் கையைத்தான் ஊன்றுகிறான். அடி கையில் நிற்பதில்லை. மேலே ஏறி ஏறி இங்கே வந்து சேர்கிறது. மாடு முட்டி விழுந்தாலும் இதுதான், மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் இதுதான், கபடியில் விழுந்தாலும் இதுதான்.

உடைந்தால் பெரிய ஆபத்து இல்லை, தூக்குக்கட்டு போட்டால் ஐந்தாறு வாரத்தில் கூடிவிடும். ஆனால் ஒன்று. இது உடைந்தவனால் சட்டை போட முடியாது. சாப்பிடலாம், நடக்கலாம், சண்டைகூடப் போடலாம். சட்டைக் கைக்குள் கையை விட முடியாது. நான் படித்த காலத்தில் எனக்கே உடைந்திருக்கிறது. பத்தொன்பது வயது. படம் எடுத்தவர், முடிந்தது, போ என்று சொல்லிவிட்டார். சட்டையில் ஒரு கை மட்டும் நுழைத்து, மறுபாதி முதுகில் தொங்க, பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஒரு பட்டனைப் போட்டுவிட யாரும் இல்லை. அதிலிருந்து ஒரு பழக்கம். ஒருவரால் முடியாது என்று தெரிந்தால், நானே சட்டையை எடுத்து, முதலில் அடிபட்ட கையை நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, பட்டனைப் போட்டுவிடுவேன். பெண்கள் என்றால் நான் கிட்டே போக மாட்டேன். வெளியே பேர் கூப்பிடுகிற பவுனம்மாளை உள்ளே அழைத்து, சேலையைச் சரி பண்ணி விடச் சொல்லுவேன். முடிகிறவர்களுக்கு எதற்கு? அவர்களே போட்டுக்கொண்டு போகட்டும். எல்லோருக்கும் பட்டன் போட்டுக்கொண்டிருக்க நான் என்ன தையல்காரனா?

இது ஒரு விஷயமே இல்லை. ஏதோ பேச்சு வந்ததால் சொன்னேன். விஷயம் என் மேல் வந்த பழி.

போன வருடம் சித்திரையில் இங்கே ரஞ்சிதம் டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். எலும்பு டாக்டர். கெட்டிக்காரர். கொஞ்சம் கண்டிப்பு. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நோயாளிகள் எல்லாம் அவர் அறைக்கு வரும்போதே முடிவு தெரிந்துகொண்டு வருகிறார்களாம். உடைந்தவர்கள் துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்களாம். உடையாதவர்கள் பாதிப் பேர் வருவதே இல்லையாம். படம் மட்டும் அவர் மேசைக்குப் போகும். ஆளைத் தேடினால், அந்த ஆள் எதிர் ஓட்டலில் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருப்பானாம்.

"யாரோ ரிசல்ட்டை வெளியே விடுறாங்க சிகாமணி. படம் எடுக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததிலும் தப்பு இல்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான்தான் குற்றவாளி.

சரி, யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன். முதலில் என்னையே சோதித்தேன். ஒருவேளை ஆறுதலாக ஏதாவது பேசிவிடுகிறேனோ? பேச்சையே நிறுத்தினேன். மூச்சைப் பிடிங்க, விடுங்க, இந்த இரண்டு வார்த்தைதான். அப்படியும் செய்தி வெளியே போயிற்று. ஒருவேளை திரை தெரிகிறதோ? கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நானே சுவருக்கும் அதற்கும் நடுவில் நுழைந்து கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியும் போயிற்று. ஒருவேளை என் முகம் காட்டிக்கொடுக்கிறதோ? மூக்கு வாய் எல்லாம் மறைய மாஸ்க் போட்டேன். வைகாசி வெயிலில் மாஸ்க். வேர்வை வாய்க்குள் போகும். அப்படியும் போயிற்று. கதவில் இருந்த கண்ணாடிக்குப் பழைய காலண்டர் அட்டையை ஒட்டினேன். இப்போது உள்ளே நடப்பது ஒரு ஈக்கும் தெரியாது. ஆள் வெளியே போய் நின்ற மறு நொடி, பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

பவுனம்மாள் மேல் சந்தேகம் வந்தது. அவள்தான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறவள். கூப்பிட்டு நேராகவே கேட்டேன்.

"நான் என்னா சார் சொல்லப்போறேன்? எனக்குப் படமா பாக்கத் தெரியும்? நீங்க அனுப்புறதைத்தான் எல்லாரும் பாக்குறாங்க."

"நான் என்னத்த அனுப்புறேன்?"

"ஆளைத்தான் சார்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மேலே கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மாவுக்குச் சென்னையில் ஏதோ பயிற்சி. வெள்ளி, சனி, ஞாயிறு இருக்க மாட்டார். போகிறதற்கு முன்னால் என் அறை வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரும்போது ஒரே ஒரு நோயாளி முடிவு தெரிந்து உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மெமோ. இருபத்தாறு வருடத்தில் என் பேரில் ஒரு மெமோ கிடையாது. ஒரு நாள் லேட் என்றுகூடக் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் பெருமாள் கோயிலில் கருட சேவை. நீங்கள் வாசித்திருப்பீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருட வாகனத்தில் பெருமாள். அடியில் இரண்டு பெரிய தண்டு. ஒரு தண்டுக்கு எட்டுப் பேர், ஆகப் பதினாறு பேர் தோளில் சுமந்து நாலு வீதியும் வர வேண்டும். அதில் முன்னால் வலது பக்கத்து ஆள் சாரங்கன். ஐம்பத்திரண்டு வயது. இருபத்து மூன்று வருடமாக அந்த இடம் அவருடையது. அவர் அடி எடுத்து வைத்தால்தான் மற்ற பதினைந்து பேரும் எடுத்து வைப்பார்கள். அவர் தோளில் தண்டு உட்காருகிற இடத்தில் ஒரு காய்ப்பு இருக்கும், சின்ன எலுமிச்சம்பழம் அளவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த சாரங்கன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார். பெருமாளையும் கருடனையும் சேர்த்துத் தூக்குகிற மனுஷன், மகளுடைய ஸ்கூட்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, அதைத் தூக்க முடியாமல் விழுந்திருக்கிறார். கூடவே மனைவி செங்கமலம். அவர்கள் பின்னால் மீதி வாகனக்காரர்கள் ஏழெட்டுப் பேர். வராந்தா நிறைந்துவிட்டது. டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு ஓடிவிட்டார். படத்தைப் பார்த்துச் சொல்வது திங்கட்கிழமை டாக்டரம்மாதான் என்று அவரும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சொல்லி என்ன ஆகப் போகிறது? சேவை ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே வந்தவர் மேலே சட்டை இல்லை. வேட்டி, இடுப்பில் துண்டு, கழுத்தில் துளசி மாலை, அவ்வளவுதான். கொடியேற்றிவிட்டால் சேவை முடிகிறவரைக்கும் மேலே சட்டை போடுவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு முறை. எனக்கு நல்லதாகப் போயிற்று, கழற்றுகிற வேலை இல்லை. துளசி மாலையைத்தான் கழற்ற மாட்டேன் என்றார். மணி நிழல் எலும்பின் மேல் விழும் என்று சொல்லி, கடைசியில் மாலையைக் கழுத்திலிருந்து எடுக்காமலே தூக்கி இரண்டு காதிலும் மாட்டிவிட்டேன். அப்படியே நின்றார், கிரீடம் வைத்த ராஜா மாதிரி.

நேராக ஒரு படம் எடுத்தேன். வலது எலும்பு நல்ல தடிமன், சுமந்து சுமந்து ஊறின எலும்பு. அதில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் திருப்தி இல்லை. எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் இறக்கி, தலைப்பக்கமாகச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தேன். அதில், எலும்பு நடுவில், ஒரு தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு. நிஜமாகவே முடிதான் ஒட்டியிருக்கிறதோ என்று பெட்டியைத் துடைத்துவிட்டு மூன்றாவது எடுத்தேன். கோடு அங்கேயே இருந்தது.

இதை இப்போது உங்களிடம் சொல்கிறேன் என்றால், டாக்டரம்மா சொல்லி முடித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாரங்கன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், எனக்கு இடம் பெரிசில்ல. நான் இல்லேன்னாலும் பெருமாள் புறப்பட்டுருவார். நான் தோள் கொடுத்துட்டுப் பாதி வீதியில விட்டாத்தான் தப்பு. தூக்கலாமா, கூடாதா? அது மட்டும் சொல்லுங்க."

வித்வானே, எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. கோடு இன்றைக்குக் கோடுதான். அதன் மேல் அந்தத் தண்டை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்தண்டு சாய்ந்தால் பின்னால் பதினைந்து பேர் இருக்கிறார்கள், மேலே பெருமாள் இருக்கிறார், வீதி நிறைய ஜனம் இருக்கிறது. சொல்லிவிட்டால் மெமோ. மெமோகூடப் போகட்டும். யாரோ செய்கிற தப்புக்கு, ஆமாம் நான்தான் செய்தேன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். மாஸ்க்குக்குள்ளேயே உதட்டைக் கடித்துக்கொண்டேன். "டாக்டர்தான் சொல்லணும். திங்கட்கிழமை வாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

போன உடனே வெளியே ஒரு கசமுசா. எப்போதும் ஆள் வெளியே போனதும் சிரிப்போ அழுகையோ கேட்கும். அன்றைக்கு ஒரே குழப்பம். சட்டை எங்கே, சட்டையே இல்லையே, இப்போ என்ன செய்வது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரதத்தில் இருக்கிற மனுஷனுக்குச் சட்டை எதற்கு? பிறகு போடலாமா கூடாதா என்று ஒரு வாக்குவாதம். கடைசியில் செங்கமலத்தின் குரல்தான் மேலே கேட்டது.

"பெருமாள் முன்னாடியா போடுறாரு? ஆஸ்பத்திரியில போட்டு ஆஸ்பத்திரியிலயே கழட்டிட்டா யாருக்கு என்ன? பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு சட்டை கொடுங்கப்பா."

கதவு திறந்தது. செங்கமலம் சாரங்கனை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, என்னிடம் ஒரு காக்கிச் சட்டையை நீட்டினாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் யாரோ கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

"இதைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க சார். ஏசி ரூமாட்டம் குளிருது, அவருக்கு ஆகாது" என்றாள்.

வைகாசி மாதம். ஃபேன்கூட அரை வேகத்தில்தான் சுற்றுகிறது. புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. சட்டையை வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சாரங்கன் சட்டையை வாங்கவும் இல்லை, போடவும் இல்லை. சும்மா நின்றார். என் கையில் சட்டை. மனதுக்குள்ளே அந்தக் கோடு. சொல்ல முடியாததைச் சொல்லாமல் நிற்கும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சட்டையை விரித்தேன். மெதுவாக வலது கையை நுழைத்தேன், அவர் பல்லைக் கடித்தார். இடது கையை நுழைத்தேன். ஆட்டோக்காரர் ஒல்லி, இவர் அகலம். இழுத்துப் பிடித்து ஒரு பட்டன் போட்டேன். இரண்டு போட்டேன். மூன்று போட்டேன். அதற்குள் வார்டிலிருந்து போன், அவசரமாக ஒரு படம், மிஷினைத் தள்ளிக்கொண்டு வா என்று. மீதியை விட்டுவிட்டு மிஷினோடு கிளம்பினேன்.

வராந்தாவில் வழிவிடச் சொல்லிக்கொண்டே போகிறேன், அவர்கள் என்னைக் கவனிக்கக்கூட இல்லை. எல்லோரும் அந்தக் காக்கிச் சட்டையைச் சுற்றி நிற்கிறார்கள். மூன்று பட்டன்தான் போட்டிருக்கிறது, அப்படியானால் பாதிதான் என்கிறார் ஒருவர். ஆறில் மூன்று என்றால் என்ன கணக்கு என்கிறார் இன்னொருவர். பவுனம்மாள்தான் அதட்டினாள்.

"மூணாவது, ஆறாவது. சார் கை பட்டுச்சா இல்லையா, அதைப் பாருங்க."

ஆட்டோக்காரர் சட்டை கசங்கிவிட்டது என்று சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து மணிக்கே வந்து இந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வீதி திரும்புகிற இடம் இதுதான். வாகனம் வந்தது. முன்னால் வலது பக்கத்தைப் பார்க்கக் கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன். அங்கே வேறு ஆள். சாரங்கனைவிட நாலு விரல்கடை குட்டை. மட்டம் சரியாவதற்கு அவர் தோளில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். சாரங்கன்? வலது கையை அங்கவஸ்திரத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு, இடது கையில், வாகனத்தை நிறுத்தும்போது முட்டுக் கொடுக்கிற கவைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் பின்பக்கமாகவே நடந்து வருகிறார். அவர் காலைப் பார்த்துத்தான் பதினாறு பேரும் கால் வைக்கிறார்கள். கருடன் ஒரு இம்மி சாயவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனுஷனுக்குத் தானாகவே புத்தி வந்திருக்கிறது பாருங்கள். பெருமாள்தான் உள்ளே இருந்து சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வது? என்னைத் தாண்டும்போது பதினாறு பேரும் என் பக்கம் திரும்பி ஒரு கோவிந்தா போட்டார்கள் பாருங்கள், ஆஸ்பத்திரி ஜன்னல் அதிர்ந்தது. நல்ல பக்தி. மத்தியானம் செங்கமலம் ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று கேட்டேன். பிரசாதம் சார், சும்மா சாப்பிடுங்க என்றாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா வந்தார். முதல் ஆளாக சாரங்கன், கழுத்தில் தொட்டில் கட்டோடு. அரை மணியில் எனக்குக் கூப்பாடு வந்தது. மேசைமேல் மெமோ தயாராக இருந்தது. படத்தில் மயிரிழை விரிசல், அது தனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, இவருக்கு எப்படி வெள்ளிக்கிழமையே தெரியும் என்று கேட்டார். சாரங்கன் பெருமாள்மேல் சத்தியம் செய்தார்: சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. டாக்டரம்மா மெமோவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, நான் உங்கள் அறையில் வந்து நின்று பார்க்கிறேன் என்றார்.

வரட்டும், நல்லதுதானே. எனக்கு மடியில் கனம் இல்லை.

அதோ அந்தக் காரீயத் தடுப்புக்குப் பின்னால்தான் நின்றார். நான் வழக்கம்போல வேலை செய்தேன். முதலில் ஒரு கொத்தனார். படம் பார்த்தேன், மூச்சு விடவில்லை, போகச் சொன்னேன். அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வெளியே பெஞ்சில் சிரிப்புச் சத்தம். அடுத்தது பள்ளிக்கூடம் போகிற ஒரு சிறுமி. படம் பார்த்தேன். பவுனம்மாளைக் கூப்பிட்டுச் சட்டை போட்டு விடச் சொன்னேன். வெளியே அவள் அம்மா ஐயோ என்றாள். மூன்றாவதாக ஒரு பால்காரர். படம் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன், கையை நுழைத்தேன், பட்டனைப் போட்டேன், கழுத்துப் பட்டன் வரைக்கும். கதவைத் தாண்டியதும் துண்டைக் கொண்டாங்க என்று வெளியே யாரோ சொல்கிறார்கள்.

தடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தம். டாக்டரம்மா இருமுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, சிரிக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மெமோவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சிகாமணி, உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளியே போகல. நான் ஒத்துக்கிறேன்" என்றார்.

"அப்ப யார் மேடம் சொல்றது? கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன். அதை நான் பாத்துக்கிறேன். நீங்க இப்ப இருக்கிற மாதிரியே இருங்க. எதையும் மாத்தாதீங்க. அந்த மாஸ்க்கை மட்டும் கழட்டிடுங்க, பாவம்."

யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. யாரோ பெரிய இடமாக இருக்கும், நான் தோண்டவில்லை. என் பேர் காப்பாற்றப்பட்டது, போதும். அதற்குப் பிறகு டாக்டரம்மாவுக்கு என்மேல் தனி மரியாதை. இப்போது பாருங்கள், தோள் என்று யார் போனாலும், படத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்கிற முதல் கேள்வி, சட்டையை யார் போட்டு விட்டது என்பதுதான். கையைத் தூக்க முடிகிறதா என்று தெரிந்துகொள்கிற வழி அது. என்ன நுட்பம். நாங்கள் படித்த புத்தகத்தில்கூட இப்படி ஒரு கேள்வி இல்லை.

இதோ, கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள். பெட்டியை உள்ளே தள்ளுகிறேன். ஒன்றரை நிமிடம்.

காலை ஆட்டாதீர்கள் வித்வானே, நாற்காலி தாளம் போடுகிறது.

ம். வந்துவிட்டது. இது நேராக எடுத்தது. இது சாய்த்து எடுத்தது. ம்.

என் முகத்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் நம்பர் அறை, வலது கைப்பக்கம். எழுந்திருங்கள்.

என்ன, சட்டையை எடுத்து என்னிடம் நீட்டுகிறீர்கள்? உங்களுக்குக் கை இல்லையா? நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கத்தான் செய்யும், மெதுவாக நுழையுங்கள். பட்டனையும் நானா போட வேண்டும்? நல்ல ஆள். பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், சீக்கிரம்.

எதற்குச் சிரிக்கிறீர்கள்? நான் என்ன சொல்லிவிட்டேன்? எதற்கு இப்போது கும்பிடு? சரி சரி, போய்விட்டு வாருங்கள். கதவை மெதுவாகத் திறங்கள்.

பவுனம்மா! யார் அது வராந்தாவில் நாயனம் ஊதறது? ஆஸ்பத்திரின்னு ஒரு மரியாதை வேண்டாமா? டாக்டரம்மா இன்னும் படத்தையே பாக்கல, அதுக்குள்ள அவருக்கு என்ன அப்படி ஒரு சந்தோஷம்? போய்க் கேளு.